டெலிஹேண்ட்லரா, ஹைட்ராவா, ஹாய்ஸ்டா? ஐந்து மாடிக்குள் நிற்கும் கட்டடத்துக்கு எது சரி

ஸ்டில்ட்டுக்கு (தூண் மட்டும் நிற்கும், கார் நிறுத்தும் கீழ்த்தளம்) மேல் நான்கு, ஐந்து தளம் எழுப்பும் அபார்ட்மென்ட் சைட்டில், தளமெல்லாம் போட்டு முடித்துக் கட்டு வேலை தொடங்கும் நேரத்தில் இந்தக் கேள்வி வரும். கல், சிமென்ட், டைல்ஸ், ஜன்னல் ஃபிரேம் எல்லாவற்றையும் எப்படி மேலே ஏற்றுவது? அதுவரை கான்கிரீட்டை பூம் பம்ப் பார்த்துக்கொண்டது, கம்பிக் கட்டை ஹைட்ரா, அதாவது சுமையைத் தூக்கியபடியே ஓடும் சக்கரக் கிரேன், பார்த்துக்கொண்டது. இனி வருவதெல்லாம் சில்லறைச் சாமான்தான், ஆனால் கூட்டிப் பார்த்தால் எடை ஒன்றும் சில்லறை இல்லை. பக்கத்து சைட்டில் ஹாய்ஸ்ட், அதாவது சுவரோரக் கம்பத்தில் சாமான் ஏற்றும் வின்ச், ஓடிக்கொண்டிருக்கிறது. வாடகைக்காரர் ஹைட்ராவை மாதக் கணக்கில் நிறுத்தித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் டெலிஹேண்ட்லர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இது இரண்டு வண்டி வேலை செய்யும் சார்' என்கிறார்.

நம் ஆட்கள் முதலில் கேட்பது, "எத்தனை டன் தூக்கும்?" ஹைட்ரா 14 டன், டெலிஹேண்ட்லர் 4 டன். வாடகையோ டெலிஹேண்ட்லருக்குத்தான் அதிகம். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. டன்னைக் கடைசியில் கேட்டால் போதும் என்பது என் கருத்து. சாமான் சைட்டில் எந்த உருவத்தில் வந்து இறங்குகிறது, மேலே எந்த வழியாக உள்ளே போகப்போகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் வண்டி எது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

டெலிஹேண்ட்லரை நேரில் பார்க்காதவர்களுக்கு: நான்கு பெரிய டயர், பக்கவாட்டில் கேபின், நடுவில் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி நீளும் ஒற்றைக் கை (இதுதான் பூம்), அதன் நுனியில் ஃபோர்க்லிஃப்டில் இருப்பதுபோல் இரண்டு முள். ஃபோர்க்லிஃப்ட் நேர்செங்குத்தாக மட்டும் தூக்கும், அதற்கு வழவழப்பான தரையும் வேண்டும். டெலிஹேண்ட்லர் மேடு பள்ளத்திலும் ஓடி, சாய்வாக மேலேயும் முன்னாலும் பூமை நீட்டும். முள்ளைக் கழற்றிவிட்டு பக்கெட், கொக்கி, ஆள் ஏறும் கூண்டு என்று மாட்டிக்கொள்ளலாம். நம் ஊரில் ஜேசிபி என்றாலே மண் தோண்டும் வண்டி. அதே கம்பெனி இங்கிலாந்தில் 1977-இல் லோடால் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. அங்கே வீடு கட்டும் சைட்டில் டெலிஹேண்ட்லர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அதற்குக் காரணம் வண்டி மட்டுமல்ல. அங்கே செங்கல்லே முள் நுழைய இடைவெளி விட்டு, பட்டை போட்டுக் கட்டிய கட்டாக லாரியில் வருகிறது. இங்கே வரும் சிக்கலும் அதே இடத்தில்தான் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

கொக்கி மேலிருந்து, முள் முன்னாலிருந்து

கிரேன் எதுவானாலும் கொக்கி மேலிருந்து கீழே தொங்கும். தொங்கும் சாமானை இறக்க வேண்டுமானால், இறக்கும் இடத்துக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் வைக்கலாம், அடுத்த தளத்துக்கு சென்ட்ரிங் அடிக்காத வரைக்கும் புதுத் தளத்தில் வைக்கலாம். எல்லாத் தளமும் போட்ட பிறகு மூன்றாம் மாடியில் கல் வைக்க வேண்டும் என்றால், அதன் தலைக்கு மேலே நான்காம் மாடித் தளம் இருக்கிறது. கொக்கி உள்ளே போகாது. தொங்குகிற சாமானை மாடி விளிம்பில் நின்று ஆள் கயிற்றால் இழுத்து உள்ளே வாங்கும் காட்சியைப் பல சைட்டில் பார்க்கலாம். எழுதவே கை கூசும் வேலை அது. விளிம்பில் கைப்பிடிக் கம்பி இருந்தால் சாமான் உள்ளே வராது என்று அதையும் கழற்றி வைத்திருப்பார்கள்.

இதற்கு முறையான வழி, தளத்திலிருந்து வெளியே நீட்டிய லோடிங் பிளாட்ஃபார்ம். இரும்பு பீமைத் தளத்துக்குள் மேலும் கீழும் முட்டுக்கொடுத்து நிறுத்தி, இரண்டு மீட்டர் வெளியே நீட்டிப் பலகை போட்டுவிட்டால் கொக்கிக்கு வானம் கிடைத்துவிடும். இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தந்தபடி இதைச் செய்தால் ஹைட்ராவே போதும் என்கிற சைட்டுகள் நிறைய உண்டு. தளத்துக்குத் தளம் அதைக் கழற்றி மாட்டும் கூலியையும் நேரத்தையும் மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெலிஹேண்ட்லருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. சுவர் கட்டாத பக்கமாக, இரண்டு தளத்துக்கு நடுவே இருக்கும் மூன்று மீட்டர் இடைவெளியில் முள்ளோடு பேலட்டை (அடியில் முள் நுழையும் தட்டில் அடுக்கிய சாமான்) நேராக உள்ளே நீட்டித் தரையில் வைத்துவிட்டு முள்ளை உருவிக்கொள்ளும். விளிம்பில் யாரும் நிற்க வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அதற்குக் கூடுதல் வாடகை கொடுப்பது. உங்கள் சைட்டில் இந்த வேலை இல்லை என்றால் அந்த வாடகைக்கு அர்த்தமும் இல்லை.

ஒரு பேலட், நான்காம் தளம்

வண்டிப் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பேரம் முடிந்தது. ஜேசிபி 530-70 என்றால் 3 டன், 7 மீட்டர். 540-170 என்றால் 4 டன், 17 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மானிட்டூ எம்டி 1840 என்றால் மாற்றிப் படிக்க வேண்டும்: உயரம் ஏறத்தாழ 18 மீட்டர், எடை 4 டன். ஆனால் இந்த இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. 4 டன் என்பது பூம் சுருங்கி, சுமை வண்டிக்கு ஒட்டி இருக்கும்போது. பூமை முழு நீளத்துக்கு முன்னால் நீட்டினால் அதே வண்டி தாங்குவது சில நூறு கிலோ மட்டுமே. இடைப்பட்ட எந்தப் புள்ளியில் எவ்வளவு என்பதைக் கேபினில் ஒட்டியிருக்கும் லோடு சார்ட் சொல்லும். அந்தச் சார்ட்டும் முள்ளின் அடியிலிருந்து அரை மீட்டர் தள்ளிச் சுமையின் நடுப்புள்ளி இருப்பதாக வைத்துப் போட்டது. ஜன்னல் ஃபிரேம் மாதிரி நீளமாக முன்னால் துருத்தும் சுமைக்குச் சார்ட்டில் உள்ளதைவிடக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டில்ட்டோடு சேர்த்துத் தரை மட்டத்திலிருந்து 12 மீட்டர். சுவரோரம் சாரம் இருக்கிறது, ஃபுட்டிங் தோண்டி மூடிய மண் இருக்கிறது. அதனால் முன்சக்கரம் கட்டடத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளித்தான் நிற்கும். முள் உள்ளே ஒரு மீட்டராவது போனால்தான் பேலட் பத்திரமாக உட்காரும். ஆக, சார்ட்டில் பார்க்க வேண்டிய புள்ளி 13 மீட்டர் உயரம், நாலரை ஐந்து மீட்டர் முன்னீட்டம். அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கும் எடையை உங்கள் பேலட் எடையோடு ஒப்பிடுங்கள். வாடகை பேசும் முன்பே சார்ட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். அனுப்ப முடியாதவரிடம் வண்டி எடுக்க வேண்டாம்.

வேலை நடக்கும் விதம் இப்படி. ஆபரேட்டர் பூமைத் தாழ்த்தியே சுமையோடு வருவார், நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவார். கேபினில் மட்டம் காட்டும் குழாய் இருக்கும். தரை சாய்ந்திருந்தால் வண்டியின் உடம்பையே இடவலமாக ஆட்டி மட்டத்துக்குக் கொண்டுவருவார். முன்னால் இருக்கும் இரண்டு ஜாக்கை இறக்கிப் பலகைமேல் ஊன்றுவார். அதற்குப் பிறகுதான் பூம் உயரும், கடைசியாகத்தான் நீளும். வைத்த பிறகு இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: முதலில் பூமைச் சுருக்கி, பிறகு தாழ்த்துவது. இந்த வரிசையை மாற்றுகிறவர் எத்தனை வருட அனுபவம் சொன்னாலும் எனக்கு அவரிடம் நம்பிக்கை வராது. நீட்டிய பூமை அப்படியே தாழ்த்தினால் சுமை வண்டியைவிட்டு இன்னும் தள்ளிப் போகும், பின்சக்கரம் தரையை விட்டு எழும். இப்போதைய வண்டிகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரிந்து, கவிழும் எல்லையில் பூமைத் தானாக நிறுத்தும் கருவி இருக்கிறது. பழைய வண்டியில் அந்த ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறார்களா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றை சைட் இன்ஜினியர்கள் கவனிப்பதில்லை. பேலட் பத்திரமாக உள்ளே வந்துவிட்டது, சரி. அதைத் தாங்க வேண்டியது தளம். குடியிருப்பு அறைக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 இரண்டாம் பாகம் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. ஒன்றேகால் சதுர மீட்டர் பேலட்டில் ஒரு டன் கல் இருந்தால் சதுர மீட்டருக்கு 800 கிலோ ஆகிறது. ஒன்றை வைத்துவிட்டு உடனே பிரித்துப் பரப்பினால் பிரச்சினை இல்லை. வண்டி வேகமாக ஏற்றுகிறதே என்று மத்தியானத்துக்குள் எட்டுப் பேலட்டை ஒரே ஓரத்தில் அடுக்கிவிட்டால், அதுவும் முட்டு எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தால், தளத்தில் விரிசல் விழும். பீமுக்கு அருகே வைப்பது, கீழே முட்டை விட்டுவைப்பது, கைத்தள்ளு பேலட் டிராலி ஒன்றை மேலே ஏற்றி வைப்பது, இதையெல்லாம் இன்ஜினியரிடம் கேட்டு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஹாய்ஸ்டில் இந்தக் கவலை குறைவு, அது கொஞ்சம் கொஞ்சமாகத்தானே ஏற்றுகிறது.

பேலட் எங்கே?

இங்கேதான் பல பேருடைய டெலிஹேண்ட்லர் கணக்குச் சறுக்குகிறது. சேம்பர் செங்கல் நம் ஊரில் லாரியில் கொட்டினாற்போல் வருகிறது. சிமென்ட் மூட்டையை லோடுமேன்கள் முதுகில் இறக்குகிறார்கள். எம்-சாண்ட் குவியலாக வருகிறது. முள் நுழைய ஒரு சந்துகூட இல்லாத சாமானுக்கு முள் வண்டி எடுத்தால், பக்கெட் மாட்டி மணல் அள்ள மட்டும்தான் பயன்படும். அதற்கு ஜேசிபி போதும்.

ஏஏசி பிளாக்கில் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) கட்டுகிறீர்கள் என்றால் கதை வேறு. 600-க்கு 200-க்கு 200 மில்லிமீட்டர் பிளாக் ஒன்று 15 கிலோ அளவில் இருக்கும். லாரியிலிருந்து இறக்கி, அடுக்கி, ஹாய்ஸ்டுக்குத் தள்ளி, மேலே இறக்கி, கொத்தனார் பக்கத்தில் அடுக்குவதற்குள் ஒவ்வொரு பிளாக்கும் நான்கைந்து கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் மூலை உடைகிறது. ஆலையில் சொன்னால் பேலட்டில் பட்டை போட்டுத் தருகிறவர்களும் உண்டு. ஒன்றரை கன மீட்டர் பேலட் ஒரு டன் வரும். அதை லாரியிலிருந்து எடுத்து நேரே மாடியில் வைத்துவிடலாம். டைல்ஸும் பெட்டியாக அடுக்கி வருவதால் அதே மாதிரிதான். ஜிப்சம், வாட்டர்ப்ரூஃபிங் மருந்து டப்பா, பிளம்பிங் சாமான் எல்லாவற்றுக்கும் சைட்டிலேயே இரும்புக் கூண்டு நாலைந்து வெல்டிங் செய்து, அடியில் முள் நுழையும் குழாய் வைத்துக்கொண்டால் போதும். ஒன்றைக் கீழே நிரப்பும்போது இன்னொன்று மேலே காலியாகும்.

இந்த மாற்றத்தை ஆர்டர் கொடுக்கும் அன்றே செய்ய வேண்டும். வண்டி சைட்டுக்கு வந்த பிறகு பேலட் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். செங்கல் கட்டு என்று டிசைனிலேயே முடிவாகிவிட்டதா? டெலிஹேண்ட்லரை மறந்துவிட்டு ஹாய்ஸ்டைப் பாருங்கள்.

ஹைட்ராவும் மற்றவையும்

ஹைட்ராவுக்கு அதற்கென்று இடம் இருக்கிறது. லாரியிலிருந்து டிஎம்டி கம்பிக் கட்டு இறக்க, குழாய், டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் நகர்த்த அதை அடிக்க ஆள் இல்லை. ஒரு போன் போட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கும், ஆபரேட்டருக்கும் பஞ்சமில்லை. ஆனால் 14 டன் என்பது முன்பக்கத்தை ஒட்டித் தூக்கும்போது மட்டும். பூம் நீளநீள அது ஒன்றிரண்டு டன்னாகச் சுருங்கிவிடும். நடுவில் மடங்கித் திரும்பும் வகை வண்டியில் திரும்பிய நிலையில் இன்னும் குறையும். பழைய மாடலில் ஆபரேட்டர் பின்னால் உட்கார்ந்திருப்பார். முன்னால் பூமும் ஆடும் சுமையும் பார்வையை மறைக்கும். சுமையைப் பிடித்தபடி கூடவே நடக்கும் ஹெல்பர்தான் அடிபடுகிறவர். பெரிய தொழிற்சாலைகள் பலவற்றில் பழைய ஹைட்ராவைக் கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை. கேபின் முன்னால் உள்ள புதிய மாடலைக் கேட்கிறார்கள். நாமும் கேட்கலாம், வாடகை வித்தியாசம் பெரிதாக இருக்காது.

ஹாய்ஸ்ட் என்றால் சுவரோடு கட்டிய கம்பத்தில் வின்ச் வைத்து அரை டன், ஒரு டன் ஏற்றுவது. மெதுவானது, ஒரே இடத்தில் நிற்பது, சாமானை இரண்டு பக்கமும் ஆள் தூக்கி வைக்க வேண்டியது. இருந்தாலும் நகருக்குள் இருக்கும் சைட்டில் அதுதான் ஜெயிக்கும். 17 மீட்டர் டெலிஹேண்ட்லர் 11, 12 டன் எடை, ஏறக்குறைய எட்டடி அகலம், முள் இல்லாமலே இருபதடிக்கு மேல் நீளம். நான்கு சக்கரமும் திரும்பும், நண்டு மாதிரிக் குறுக்காகவும் நகரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தி.நகரிலோ ஆர்.எஸ்.புரத்திலோ பத்தடி பக்கவாட்டு இடத்தில் அது நுழைந்தாலும், சுவரைப் பார்த்து நேராக நின்று பூம் நீட்ட இடம் இருக்காது. வண்டிக்கும் சுமைக்கும் சேர்த்து முப்பதடியாவது எதிரே வேண்டும். தெருவில் நின்று ஏற்றலாம் என்றால் மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். போகிறது என்றால் அந்தப் பக்கத்தை மறந்துவிடுங்கள்.

டவர் கிரேன் இந்த உயரத்துக்குத் தேவைப்படுவது அபூர்வம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டர் வரை உள்ள கட்டடம் உயர்மாடிக் கட்டடம் என்ற கணக்கில் வராது. நம் பேச்சு முழுக்க அதற்குள்தான். அந்த எல்லையைத் தாண்டி எழுப்புகிறவர்கள் டவர் கிரேன் பக்கம் போவது நியாயம். எல்லைக்குள்ளேயே நான்கைந்து அபார்ட்மென்ட் பிளாக் நெருக்கமாக இருந்தால் அப்போதும் அது கட்டுப்படியாகலாம். 17 மீட்டர் டெலிஹேண்ட்லர் ஐந்தாம் தளத் தரைக்கு, அதாவது 15 மீட்டருக்கு எட்டும். 18 மீட்டரில் இருக்கும் மொட்டை மாடிக்கு எட்டாது. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் மெஷின் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பெரிய கிரேன் ஒன்றை வரவழைத்து முடித்துவிடலாம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எழும் குடோன், தொழிற்சாலை ஷெட்டுகளில் டெலிஹேண்ட்லருக்கு யோசிக்கவே வேண்டாம் என்பேன். இடம் விசாலம், சாமான் பாதி கட்டாகவே வருகிறது. பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பு) கட்டு, ஷீட் கட்டு, போல்ட் பெட்டி எல்லாவற்றையும் நானூறு ஐந்நூறு அடி நீளக் கட்டடத்தின் ஒவ்வொரு தூண் இடைவெளிக்கும் தேவையானதைப் பிரித்துக் கொண்டுபோய்ப் போட வேண்டும். தூண், ராஃப்டர் நிறுத்துவதற்கு மட்டும் கிரேன். சோலார் சைட்டும் இப்படித்தான்: முப்பது சொச்சம் பேனல் உள்ள ஒரு பேலட் கிட்டத்தட்ட ஒரு டன், கண்ணாடி, கொக்கியில் தொங்கவிட யாருக்கும் மனசு வராது.

ஷெட் வேலையில் ஒரு சபலம் வரும். வண்டிதான் நிற்கிறதே, ஒரு பேலட்டில் இரண்டு ஆளை நிறுத்தி மேலே ஏற்றி ஷீட் அடித்துவிடலாமே என்று. கூடாது. ஆள் ஏறுவதற்கென்றே செய்த, வண்டியோடு பூட்டி, உள்ளிருந்தே இயக்கும் கூண்டு இருந்தால், அந்த வண்டிக்கு அதன் கம்பெனி அனுமதித்திருந்தால் மட்டும் ஏற்றலாம். பெரும்பாலான வாடகை வண்டிகளில் அது இருக்காது. பூம் லிஃப்ட் தனியாக எடுங்கள். டெலிஹேண்ட்லர் சாமானுக்கு, பூம் லிஃப்ட் ஆளுக்கு என்று பிரித்துவிட்டால் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும்.

மேல்பாகம் கிரேன் போல 360 டிகிரி சுற்றும் டெலிஹேண்ட்லரும் இருக்கிறது. பெரிய புராஜெக்ட் சமாச்சாரம், நம் அளவுக்கு வேண்டாம்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. டெலிஹேண்ட்லரில் நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு, அதனால் கரிசல் மண்ணிலும் ஐப்பசி மழையிலும் ஹைட்ரா புதைகிற இடத்தில் இது ஓடிவிடும். ஓடுவது வேறு, தூக்குவது வேறு. பூம் மேலே போன நிலையில் ஒரு சக்கரம் நாலு அங்குலம் அமிழ்ந்தால் உச்சியில் அது அடிக்கணக்கில் சாயும். நிற்கும் இடத்துக்கு மட்டுமாவது ஜல்லி கொட்டி உருட்டிவிடுங்கள். செப்டிக் டேங்க், சம்ப் மூடியிருக்கும் இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டு ஆபரேட்டருக்குக் காட்டுங்கள்.

வாடகை பேசும்போது

மாத வாடகை என்பது பெரும்பாலும் 26 நாள், நாளைக்குப் பத்து மணி, ஆக 260 மணி நேரக் கணக்கு. டீசல் நம்முடையது, ஆபரேட்டர் அவர்களுடையவர், டிரெய்லரில் கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோகும் செலவு தனி, எல்லாவற்றின் மேலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஐந்து மாடி அபார்ட்மென்ட் ஒன்றில் டெலிஹேண்ட்லருக்கு 260 மணி நேரம் வேலை கொடுப்பது கஷ்டம். தினமும் மூன்று மணி நேரம் ஏற்றினாலே கொத்தனார்களால் கட்டித் தீர்க்க முடியாது. அதனால் ஒரே காம்பவுண்டில் இரண்டு பிளாக் நடக்கும்போது அல்லது கட்டு வேலையும் டைல்ஸும் ஒன்றன்மேல் ஒன்று வரும் மாதங்களில் மட்டும் எடுத்தால் கட்டுப்படியாகும். ஒற்றை பிளாக் என்றால் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போகச் சம்மதிக்கும் உள்ளூர் வண்டி கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் ஹாய்ஸ்டை நிரந்தரமாகவும் ஹைட்ராவை அவ்வப்போதும் வைத்துக்கொள்வதே லாபம்.

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், தகுதி பெற்ற நபர் கொடுத்த சோதனைச் சான்று மூன்றையும் வண்டி இறங்கும் முன் வாங்கி வையுங்கள். ஆபரேட்டர் மாறினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். ஹைட்ரா ஓட்டினவரை அனுப்பி 'இவரே இதையும் ஓட்டுவார்' என்று சொல்வது சகஜம். அவர் வந்தால், காலிப் பேலட் ஒன்றை இரண்டாம் தளத்தில் வைத்து எடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஜாக் இறக்கும் முன்பே பூம் உயர்ந்தால் வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.